மருத்துவரும் பொறியாளரும் ஒரே கூரையின் கீழ்: திருவனந்தபுரத்து இதய வால்வின் கதை

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், நம் தமிழ்க் குடும்பங்களில் எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சுதான். கம்ப்யூட்டரா, மெக்கானிக்கலா, எலக்ட்ரானிக்ஸா? அந்தப் பட்டியலின் அடியில் எங்கேயோ பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்று ஒரு பெயர் இருக்கும். "அதுல என்னங்க படிப்பாங்க? டாக்டரா, இன்ஜினியரா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வரிக்குப் போய்விடுவோம். அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவம் நான்கு பேரால் ஆனது என்று கணக்குச் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து அதைக் கொடுப்பவர். இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து பாருங்கள். இ.சி.ஜி., வென்டிலேட்டர், டயாலிசிஸ் மிஷின், ஸ்டென்ட், செயற்கை மூட்டு என்று ஐந்தாவது ஆள் ஒருவர் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறார். அவர்தான் கருவி செய்தவர். அவரை உருவாக்கும் படிப்பைத் தமிழில் உயிர்மருத்துவப் பொறியியல் என்கிறோம். இந்தியாவில் அந்தத் துறை எப்படி வேர் பிடித்தது என்பதற்குத் திருவனந்தபுரத்தில் இருக்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

துறைக்கு முன்னால் வந்த மனிதர்கள்

எந்த நாட்டிலும் இந்தத் துறை முதலில் பல்கலைக்கழகத்தில் பிறக்கவில்லை. ஒரு மருத்துவருக்கு ஒரு கஷ்டம் வந்தது. ஒரு பொறியாளர் அதைக் காது கொடுத்துக் கேட்டார். அங்கேதான் பிறந்தது.

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் லோவல் எட்வர்ட்ஸ் என்று ஒரு பொறியாளர் இருந்தார். பம்பு, குழாய், நீரழுத்தம் இவையே அவர் தொழில். ஓய்வு பெற்றபின் செயற்கை இதயம் ஒன்று செய்யவேண்டும் என்ற ஆசையோடு ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் அறுவை மருத்துவரிடம் போனார். ஸ்டார், "முழு இதயம் அப்புறம் இருக்கட்டும், முதலில் ஒரு வால்வு செய்வோம்" என்றார். 1960-ல் அந்த இருவர் கூட்டணியில் உருவான ஸ்டார்–எட்வர்ட்ஸ் வால்வு மனித இதயத்துக்குள் பொருத்தப்பட்டது. ஒரு கூண்டு, அதற்குள் மேலும் கீழும் ஓடும் ஒரு பந்து, அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் மரணம் ஒன்றே முடிவாக இருந்த ஆயிரக்கணக்கானவர்களை அது எழுந்து நடக்க வைத்தது.

நம் நாட்டிலும் இதே கதைதான். நாம் வாழும் புனேயிலேயே 1944-ல் ராணுவத்தின் செயற்கை உறுப்பு மையம் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் கை கால் இழந்து வந்த சிப்பாய்களுக்கு மரத்திலும் தோலிலும் உலோகத்திலும் உறுப்பு செய்து கொடுத்தார்கள். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்ற பெயர் அப்போது யார் வாயிலும் இல்லை. செய்த வேலை மட்டும் அதுவேதான்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கையையும் காலையும் சீர்செய்தவர். அறுவை சிகிச்சை நன்றாக நடந்தும், வீட்டுக்குப் போன நோயாளி காலில் புண்ணோடு திரும்பி வந்தார். உணர்ச்சி போன பாதத்துக்கு எங்கே அழுத்தம் விழுகிறது என்று தெரியாது, வலிக்காது. ஆகவே அந்த அழுத்தத்தைப் பரப்பிவிடும் மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்பு செய்யும் வேலையில் பிராண்டின் குழு இறங்கியது. இன்று சர்க்கரை நோய் உள்ள நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டு வாங்கும் எம்.சி.ஆர். செருப்புக்கு மூலம் அதுதான். ஒரு செருப்புக்குப் பின்னால் இவ்வளவு எந்திரவியல் இருக்கிறது என்று யார் நினைப்பார்?

இந்த மாதிரித் தனித்தனி முயற்சிகளைப் பாடமாகவும் ஆராய்ச்சியாகவும் மாற்றியதில் சென்னை ஐ.ஐ.டி.க்கு முக்கிய இடம் உண்டு. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தில், 1970-களின் தொடக்கத்தில் அப்ளைடு மெக்கானிக்ஸ் துறையின் ஒரு பிரிவாக உயிர்மருத்துவப் பொறியியல் முளைத்தது. பாலத்தின் தூணில் விழும் பாரத்தைக் கணக்கிடும் அதே கணிதத்தால் இடுப்பு எலும்பில் விழும் பாரத்தையும் கணக்கிடலாம். குழாயில் ஓடும் தண்ணீரின் விதிகளை வைத்தே நாளத்தில் ஓடும் ரத்தத்தையும் புரிந்துகொள்ளலாம். அப்படித்தான் இந்தப் பிரிவு எந்திரவியல் துறையின் மடியில் வளர்ந்தது.

அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு மலையாளி அறுவை மருத்துவர் நாடு திரும்பினார். பெயர் எம்.எஸ். வலியத்தான். மாவேலிக்கரைக்காரர், 1934-ல் பிறந்தவர். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் படித்து, இங்கிலாந்தில் எஃப்.ஆர்.சி.எஸ். முடித்து, அமெரிக்காவில் டாக்டர் சார்லஸ் ஹஃப்நாகலிடம் இதய அறுவை பயின்றவர். 1952-லேயே மனித உடலுக்குள், இதயத்துக்கு வெளியே பெருந்தமனியில், செயற்கை வால்வு ஒன்றைப் பொருத்திக் காட்டியவர் ஹஃப்நாகல். குருவிடம் இருந்து சீடருக்கு என்ன ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. திரும்பி வந்த வலியத்தான் டெல்லியிலும், பிறகு சென்னையில் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையிலும் ஐ.ஐ.டி.யிலும் சிறிது காலம் இருந்தார். ஒரு பக்கம் அறுவைக்கூடம், மறுபக்கம் பொறியியல் ஆய்வுக்கூடம். நடுவில் சென்னை நகரத்தின் அத்தனை டிராஃபிக்! இந்த இரண்டும் ஒரே நிறுவனத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்ற கேள்விக்குப் பதில் திருவனந்தபுரத்தில் கிடைத்தது.

அரண்மனைக்குள் ஓர் ஆய்வுக்கூடம்

1973-ல் திருவிதாங்கூர் அரச குடும்பம் பல மாடிக் கட்டடம் ஒன்றைக் கேரள மக்களுக்கும் அரசுக்கும் நன்கொடையாகக் கொடுத்தது. அங்கே ஓர் உயர்தர மருத்துவ மையம் அமைக்க முதலமைச்சர் அச்சுத மேனன் அரசு வலியத்தானை அழைத்தது. 1976-ல் திட்டக்குழுத் துணைத் தலைவராக இருந்த பி.என். ஹக்சர் அதைத் தொடங்கிவைத்தார். 1936-ல் கோயில் நுழைவுப் பிரகடனம் செய்த மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மாவின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

மருத்துவமனை தொடங்கிய கையோடு பூஜப்புரையில் இருந்த சாட்டல்மண்ட் அரண்மனையில் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு குடியேறியது. ஒரு காலத்தில் மகாராணி சேது லட்சுமி பாயி வாழ்ந்த மாளிகை அது. ராஜ தர்பார் நடந்த இடத்தில் பாலிமர் வேதியியல், நச்சுத்தன்மைச் சோதனை, விலங்குகளில் பரிசோதனை, கருவிச் சோதனை என்று ஒவ்வொரு பகுதியாக வளர்ந்தது. மருத்துவமனையிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர். நிர்வாகம் ஒன்று, தலைவர் ஒருவர், நோக்கம் ஒன்று.

மருத்துவத்தையும் தொழில்நுட்பத்தையும் ஒரே நிறுவனமாக இணைக்கும் இந்த ஏற்பாட்டை மத்திய அரசு முக்கியமாகக் கருதியது. 1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் இதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. பல்கலைக்கழகம் போலத் தானே பட்டம் வழங்கும் அதிகாரமும் வந்தது. இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. இது சுகாதார அமைச்சகத்தின் கீழ் வரவில்லை, அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் வந்தது. ஆஸ்பத்திரி நடத்துவதோடு கருவி படைப்பதும் இதன் கடமை என்பது அந்த ஏற்பாட்டிலேயே எழுதப்பட்டுவிட்டது.

ஏன் வால்வு?

வீட்டு பிரஷர் குக்கரையும் போர்வெல் பம்பில் இருக்கும் ஒருவழி வால்வையும் நாம் எல்லோரும் அறிவோம். இதயத்தில் அப்படி நான்கு வால்வுகள். ரத்தம் முன்னே போகவேண்டும், பின்னே வரக்கூடாது. அதற்காகத் திறந்து மூடும் மெல்லிய கதவுகள். நிமிடத்துக்கு 72 முறை என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல், ஒரு வருடத்துக்குச் சுமார் 3 கோடியே 78 லட்சம் முறை இந்தக் கதவு திறந்து மூடுகிறது. எண்ணெய் போட முடியாது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது.

பணக்கார நாடுகளில் வயதாகித்தான் பெரும்பாலும் வால்வு கெடும். நம் நாட்டில் அது குழந்தைகளிடமும் இளம் பெண்களிடமும் கெட்டுக் கிடந்தது. காரணம் ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுக்குள் வரும் ஒரு சாதாரணத் தொண்டைப்புண், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வந்திருந்தால், சில வாரம் கழித்து மூட்டு வீங்கும், காய்ச்சல் அடிக்கும். மூட்டுவலி போய்விடும், ஆனால் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் காவல் படை தன் இதய வால்வையே தாக்கி அங்கே தழும்பை விட்டுவிடும். நெருக்கடியான வீடுகளில், சரியான வைத்தியம் கிடைக்காத இடங்களில்தான் இது அதிகம். அதாவது வால்வு யாருக்குத் தேவையோ அவர்களிடம் காசு இல்லை.

இதைத் தடுக்கும் மருந்து பென்சிலின். அது நமக்கு எவ்வளவு பக்கம் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப் ஆகியவற்றின் உதவியோடு 1954-ல் நம் பிம்ப்ரியில் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ், அதாவது நாம் எல்லோரும் சொல்லும் 'ஹெச்.ஏ. கம்பெனி', பென்சிலின் தயாரிக்கத்தான் தொடங்கப்பட்டது. தொண்டைப்புண்ணை ஆரம்பத்திலேயே பென்சிலினால் அடக்கினால் வால்வு தப்பும். ஒரு முறை காய்ச்சல் வந்த குழந்தைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு ஊசி என்று பல வருடம் போட்டால் மேலும் கெடாது. அந்த வாய்ப்பைத் தவறவிட்டு வால்வு முழுதும் கெட்டுப்போனவர்களுக்கு மாற்று வால்வுதான் வழி. அன்று அது முழுக்க முழுக்க இறக்குமதி. அன்னியச் செலாவணி கொடுத்து வாங்கவேண்டிய பொருள். அறுவை செய்யத் தெரிந்த மருத்துவர் இருக்கிறார், நோயாளி மேசையில் படுக்கத் தயார், வால்வு வாங்கத்தான் வழியில்லை. வலியத்தானின் குழு வால்வு செய்யப் புறப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

மூன்று முறை தோற்ற குழு

அவர்கள் எடுத்துக்கொண்டது சாயும் தட்டு வகை. ஒரு உலோக வளையம். அதன் நடுவில் பொத்தான் போல ஒரு தட்டு. ரத்தம் தள்ளும்போது சாய்ந்து வழிவிடும், பின்வாங்கும்போது மூடிக்கொள்ளும். கேட்க எளிது. செய்து பார்த்தால்தானே தெரியும்!

நம் நிக்டி, சிஞ்ச்வட், ஆக்குர்டி பகுதியில் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த அன்பர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு பேரிங்கோ ஸ்பிரிங்கோ சந்தைக்குப் போகும் முன் லட்சக்கணக்கான முறை ஓடவிட்டு, எங்கே தேய்கிறது, எங்கே விரிசல் விடுகிறது என்று பார்ப்போம் இல்லையா? இதய வால்வுக்கு இன்றைய சர்வதேசத் தரம் 40 கோடி முறை. சுமார் பத்து வருட இதயத் துடிப்புக்கு அது சமம். நிமிடத்துக்கு ஆயிரம் முறை என்ற வேகத்தில் இரவு பகலாக ஓடவிட்டாலும் ஒன்பது மாதம் ஆகும். ஒன்பதாம் மாதம் உடைந்தால் மறுபடி முதலிலிருந்து.

முதல் மாதிரியில் தட்டைத் தாங்கும் கம்பி பற்றவைத்த இடத்தில் உடைந்தது. வேறு உலோகமும் வேறு தட்டும் வைத்துச் செய்தார்கள். உலோகம் தேவைக்கு மேல் தேய்ந்தது. மிகக் கடினமான செயற்கை நீலக்கல்லில், அதாவது சஃபையரில், தட்டு செய்து பார்த்தார்கள். அது தேயவில்லை, ஆனால் ஆட்டின் உடம்பில் வைத்துச் சோதித்தபோது உடைந்தது. மூன்று மாதிரி, மூன்று தோல்வி. பத்து வருடத்துக்கும் மேலான உழைப்பு. இதற்கிடையில் அரசுப் பணம் செலவாகிக்கொண்டிருக்கிறது; "வெளிநாட்டில் நல்ல வால்வு கிடைக்கும்போது இவங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்ற கேள்வி எந்த நாட்டிலும் எழக்கூடியதுதான்.

நான்காவது மாதிரியில் பாடம் முழுவதும் சேர்ந்தது. உடைந்தது பற்றவைப்பு, ஆகவே பற்றவைப்பே வேண்டாம் என்று முழுக் கூண்டையும் ஒரே உலோகக் கட்டியிலிருந்து கடைந்து எடுத்தார்கள். அந்த உலோகம் விமான எஞ்சின்களில் பயன்படும் ஹேய்ன்ஸ்-25 என்ற கோபால்ட் கலவை. உடைந்தது கடினமான தட்டு. ஆகவே தட்டை நீளமான மூலக்கூறுச் சங்கிலி கொண்ட பாலிஎத்திலீனில் செய்தார்கள். நம் வீட்டு பிளாஸ்டிக் வாளியின் தூரத்துச் சொந்தம். ஆனால் பல மடங்கு உறுதி, செயற்கை இடுப்பு மூட்டுக் கிண்ணத்தில் ஏற்கெனவே தேறிய பொருள். இதயத்தோடு வைத்துத் தைக்க பாலியெஸ்டர் துணி வளையம். பிளாஸ்டிக் தட்டு என்பதால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. உலோக வால்வு போட்டவர்களுக்கு ராத்திரி அமைதியில் தங்கள் நெஞ்சிலிருந்து 'டிக் டிக்' என்று கேட்கும். இந்த வால்வு மூடும் சத்தம் மெதுவானது.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். 1979 முதல் 1986 வரை அமெரிக்கத் தயாரிப்பான பியோர்க்–ஷைலி குவி-குழி வால்வு உலகமெங்கும் விற்பனையில் இருந்தது. சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. அதிலும் தட்டைத் தாங்கும் கம்பி பற்றவைக்கப்பட்டதுதான். அறுநூறுக்கும் மேற்பட்டவர்களின் உடம்புக்குள் அந்தக் கம்பி உடைந்தது, பெரும்பாலானோர் இறந்துபோனார்கள். 1986-ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். திருவனந்தபுரத்தில் அதே வகைக் கோளாறு சோதனை மேசையிலேயே தலைகாட்டிவிட்டது, யாருக்கும் ஆபத்தில்லாமல். சோதனைக்கூடத்தில் ஒரு பொருள் உடைவதை நாம் தோல்வி என்று எழுதுகிறோம். உண்மையில் அது ஒரு நோயாளியின் உயிரைக் காப்பாற்றிய நாள்.

மேசையிலிருந்து மனிதருக்கு

1990 டிசம்பர் 6-ஆம் தேதி சித்ரா வால்வு முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிரஸ்ஸைக் கூப்பிட்டு "வெற்றி" என்று அறிவித்துவிட்டு விற்பனைக்கு ஓடவில்லை. 1995 ஜனவரி வரை ஆறு மருத்துவமனைகளில் 306 நோயாளிகளுக்கு மட்டும் பொருத்தி, அதன் பிறகும் பல ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். மருத்துவக் கருவிகளுக்கென்று தனி விதிகள் இந்தியாவில் வந்ததே 2017-ல்தான். அவை நடைமுறைக்கு வந்தது 2018 ஜனவரியில். சட்டம் வற்புறுத்தாத காலத்தில் இவர்கள் தாங்களாகவே இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தார்கள்.

ஆய்வுக்கூடத்தில் பத்து வால்வு செய்வது வேறு, தொழிற்சாலையில் பத்தாயிரம் வால்வு ஒரே தரத்தில் செய்வது வேறு. இந்த இடத்தில் கைகொடுத்தது ஒரு தமிழ்நாட்டு நிறுவனம். டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1928-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. குழுமம், நம் அடுக்களையில் விசில் அடிக்கும் பிரெஸ்டீஜ் குக்கர்காரர்கள்தான். குக்கர் வால்வு செய்தவர்கள் இதய வால்வும் செய்ய முன்வந்தார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வேடிக்கைக்கு அப்பால் அது ஒரு பெரிய துணிச்சல். லாபம் எப்போது வரும் என்று தெரியாத தொழில். டி.டி.கே. சித்ரா என்ற பெயரில் இறக்குமதி வால்வைவிடக் குறைந்த விலையில் அது சந்தைக்கு வந்து, இதுவரை ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் நெஞ்சில் ஓடிக்கொண்டிருக்கிறது, வெளிநாடுகளிலும்கூட.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். எந்த இயந்திர வால்வும் போல இதற்கும் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிடவேண்டும்; ரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. இன்று வயதானவர்களுக்குத் திசு வால்வும், நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியே வைக்கும் வால்வும் வந்துவிட்டன. எது யாருக்கு என்பதை இதய மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

வால்வோடு நிற்கவில்லை. ஒரு காலத்தில் நம் ஊர் ரத்த வங்கிகளில் கண்ணாடி பாட்டிலில்தான் ரத்தம் எடுப்பார்கள். பாட்டில் உடையும், கிருமி புகும், ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவையும் தட்டணுவையும் பிரித்தெடுப்பது கடினம். பிளாஸ்டிக் ரத்தப் பை என்ற மிகச் சாதாரணமாகத் தோன்றும் பொருளின் தொழில்நுட்பத்தை இந்தப் பூஜப்புரை ஆய்வுக்கூடம் உருவாக்கியது. அதை எடுத்துத் தொழிற்சாலை அமைத்தவர் ஐ.ஏ.எஸ். பதவியை விட்டுவிட்டு வந்த சி. பாலகோபால், நிறுவனத்தின் பெயர் பெனின்சுலா பாலிமர்ஸ். பிற்பாடு ஜப்பானின் டெருமோ நிறுவனம் அதில் இணைந்தது. டெங்கு காலத்தில் ஒரே பையிலிருந்து தட்டணுவை மட்டும் பிரித்து ஏற்றுகிறார்களே, அந்த வசதிக்கு அடிப்படை இந்தப் பைதான்.

வலியத்தான் சுமார் இருபது ஆண்டு இந்த நிறுவனத்தை நடத்திவிட்டு மணிப்பால் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் போனார். பிறகு சரகர், சுசுருதர், வாக்படர் ஆகியோரின் ஆயுர்வேத நூல்களை ஆராய்ந்து எழுதினார். 2005-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. 2024 ஜூலை 17-ஆம் தேதி தமது 90-ஆவது வயதில் காலமானார்.

விதை பரவிய இடங்கள்

சென்னை ஐ.ஐ.டி., வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, சித்திரைத் திருநாள் கழகம் மூன்றும் கைகோத்து கிளினிக்கல் இன்ஜினியரிங் என்ற எம்.டெக். படிப்பை நடத்தின. பொறியியல் பாடம் ஓரிடம், நோயாளியின் படுக்கைப் பக்கம் ஓரிடம், கருவிச் சோதனை ஓரிடம் என்று மாணவர் மூன்று வாசலிலும் நின்று கற்கும் ஏற்பாடு. ஆரம்பத்தில் சொன்ன மூன்று தனி முயற்சிகளும் ஒரே வகுப்பறைக்கு வந்துவிட்டன என்று சொல்லலாம்.

சென்னை ஐ.ஐ.டி.யிலேயே டி.டி.கே. பெயரில் இயங்கும் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையம், பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில், 2019-ல் 'அரைஸ்' என்ற, உட்கார்ந்தவரை எழுந்து நிற்க வைக்கும் சக்கர நாற்காலியையும், 2022-ல் 'கதம்' என்ற செயற்கை முழங்காலையும் வெளியிட்டது. பஸ் படி ஏறவும், கரடுமுரடான பாதையில் தடுக்கி விழாமல் நடக்கவும் ஏற்றாற்போல் பல மையங்களில் மடங்கும் முழங்கால் அது. 1944-ல் புனேயில் மரக்கால் செய்தவர்களின் வாரிசு என்றே அதைச் சொல்லவேண்டும். 2023-ல் அதே ஐ.ஐ.டி. மருத்துவ அறிவியல் தொழில்நுட்பத்துக்கென்று தனித் துறையே தொடங்கியது.

இருந்தும் இந்தியா தனக்குத் தேவையான மருத்துவக் கருவிகளில் பெரும்பகுதியை இன்னமும் வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது. அதன் விளைவு நம் ஆஸ்பத்திரி பில்லில் தெரியும். 2017 பிப்ரவரியில் அரசு ஸ்டென்டுக்கு உச்சவரம்பு விதித்தது: சாதாரண உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். அதற்கு முன் லட்சத்தைத் தாண்டி வாங்கப்பட்ட பொருள் அது. அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் வரம்பு வந்தது. சட்டத்தால் விலையைக் குறைக்கலாம். ஆனால் அந்தப் பொருளை நாமே செய்யத் தெரிந்திருந்தால் பேரம் பேசும் பலமே வேறு. திருவனந்தபுரத்துக் கதையின் பெரிய பாடம் அதுதான்.

பெற்றோருக்கு மூன்று கேள்விகள்

இப்போது நம் பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். இன்று ஊருக்கு ஊர் பயோமெடிக்கல் துறை வந்துவிட்டது. பெயர்ப்பலகை மாட்டியதெல்லாம் துறை ஆகிவிடாது. சேர்க்கும் முன் கல்லூரியில் மூன்று விஷயம் கேளுங்கள்.

முதலாவது, இந்தத் துறைக்கும் ஒரு மருத்துவமனைக்கும் என்ன உறவு? மாணவர் நான்கு வருடத்தில் எத்தனை வாரம் ஐ.சி.யூ.விலும் ஆபரேஷன் தியேட்டரிலும் நிற்பார்? மருத்துவரின் கஷ்டத்தைக் காதால் கேட்காத பொறியாளர் என்ன கருவி செய்துவிட முடியும்?

இரண்டாவது, இங்கே பிள்ளைகள் எதையாவது தாங்களே செய்து, ஓடவிட்டு, உடைத்துப் பார்க்கிறார்களா? அல்லது கடைசி வருட புராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கி வருகிறார்களா? மூன்று முறை உடைந்த பிறகே சித்ரா வால்வு பிறந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, பழைய மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள்? ஆஸ்பத்திரிகளில் கருவிப் பராமரிப்பு, கருவித் தயாரிப்புக் கம்பெனிகள், 2017 விதிகளுக்குப் பின் பெருகியிருக்கும் தரச்சோதனை மற்றும் அனுமதி தொடர்பான வேலைகள், மேற்படிப்பு, ஆராய்ச்சி என்று பல வழி உண்டு. ஆனால் கம்ப்யூட்டர் படித்தவனுக்குக் கிடைப்பது போல முதல் வருடமே கை நிறையச் சம்பளம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பொறுமை உள்ள பிள்ளைக்கு ஏற்ற துறை இது. இன்னொரு வழியும் இருக்கிறது: மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கெமிக்கல் எதையாவது ஆழமாகப் படித்துவிட்டு முதுகலையில் இங்கே வரலாம். வால்வுக்கும் ரத்தப் பைக்கும் தேவைப்பட்டது உலோகமும் பாலிமரும் ஓட்டவியலும் ஆழமாக அறிந்தவர்கள்தான்.

நம் குடும்பங்களில் பாதிப் பேர் லேத்தும் டூல் ரூமும் பார்த்து வளர்ந்தவர்கள். மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்த தாத்தாவின் பேத்தி ஒருத்தி நாளைக்கு ஒரு குழந்தையின் இதயத்துக்கு வால்வு கடையலாம். அந்தக் கைத்திறன் நம்மிடம் இருக்கிறது. "எதுக்கும்மா இந்தக் கோர்ஸ்?" என்று கேட்பதற்கு முன் அவள் சொல்வதைக் கொஞ்சம் உட்கார்ந்து கேட்போம்.